கடலுக்கு மார்க் போட்டவன்

சித்திரை வெயிலிலும் வெந்நீரில் குளிக்கிறவனை நம்பி யாரும் எந்தத் திட்டமும் போடக்கூடாது. நான் அந்த ரகம். எங்கள் சேரப்பணஞ்சேரியில் மே மாதம் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வருகிற தண்ணீரே கையைச் சுடும். அதையும் கீஸரில் இன்னொரு முறை காய்ச்சித்தான் தலையில் ஊற்றிக்கொள்வேன். (மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. பயம்தான்.) இப்படிப்பட்ட ஒருவனிடம், கடலுக்கு அடியில் போய் ஆமை பார்க்கவேண்டும் என்று மனைவி கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் வீட்டு ஹாலில் ஒரு போட்டோ சாட்சியாகத் தொங்குகிறது. அந்தப் போட்டோவில் நான் இல்லை.

எனக்கு ஒரகடத்தில் வேலை. காருக்கு பிரேக் பாகங்கள் செய்கிற தொழிற்சாலையில் சப்ளையர் குவாலிட்டி எஞ்சினியர். பெயர்தான் பெரிது. நட்டு, ஸ்பிரிங், ரப்பர் வளையம் செய்து தருகிற சின்னக் கம்பெனிகளுக்குப் போவது, அவர்கள் கொடுக்கிற டீயைக் குடித்துவிட்டு முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு மார்க் போடுவது, இவரிடம் வாங்கலாம், இவரிடம் வேண்டாம் என்று எழுதுவது. இதை வருடக்கணக்கில் செய்தால் மனிதன் கெட்டுப்போவான். நான் கெட்டுப்போயிருந்தேன். கல்யாண வீட்டில் சாம்பார் ஊற்றினால் போன பந்திக்கும் இந்தப் பந்திக்கும் நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பேன்.

என் மனைவி மஞ்சு மணிமங்கலத்துக்காரி. சுங்குவார்சத்திரம் பக்கம் செல்போன் செய்கிற ஒரு பெரிய தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசர். அவளுக்கு ஒரு ஷிஃப்ட், எனக்கு ஒரு ஷிஃப்ட். கல்யாணமான புதிதில் படப்பை சிக்னலில் அவள் கம்பெனி பஸ்ஸும் என் கம்பெனி பஸ்ஸும் எதிரெதிரே நிற்கும்போது இருவரும் கையாட்டிக்கொள்வோம். என் பக்கத்து சீட்காரர் ஒரு நாள், "யாருப்பா அந்தப் பொண்ணு, தினம் ஒனக்கு டாட்டா காட்டுது?" என்று அக்கறையோடு விசாரித்தார்.

வருடத்துக்கு ஒரு முறை மெஷின்களையெல்லாம் பிரித்துத் துடைத்து மாட்டுவதற்காகத் தொழிற்சாலையை ஒரு வாரம் மூடுவார்கள். ஷட்டவுன் என்று பெயர். எங்களைப் போன்றவர்களுக்குத் தீபாவளி, பொங்கலைவிட அதுதான் பண்டிகை. ஆனால் அவள் கம்பெனி ஷட்டவுன் மே மாதம் என்றால் எங்களது டிசம்பர். எங்களது ஜூன் என்றால் அவளுடையது அக்டோபர். கல்யாணமானதிலிருந்து ஒரு முழு வாரம் நாங்கள் சேர்ந்தாற்போல் வீட்டில் இருந்ததே கிடையாது. அந்த வருடம்தான் முதல் முறையாக இரண்டு கம்பெனி நோட்டீஸிலும் டிசம்பர் கடைசி வாரம் என்று வந்தது. மஞ்சு இரண்டு நோட்டீஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போட்டோ எடுத்துத் தன் அம்மா வீட்டுக்கு அனுப்பினாள்.

"எங்கியாச்சும் போலாங்க," என்றாள்.

"திருப்பதி?"

"அது எப்ப வேணா போலாம். எனக்குக் கடலுக்கு அடியில போவணும்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"ஷிஃப்ட் முடிஞ்சி பஸ்ல வரச்சொல்ல ஒரு வீடியோ பாத்தேன். ஒரு ஆமை. ஒரு அவசரமும் இல்லாம அது பாட்டுக்கு நீந்திகினு போவுது. நாள் பூரா லைன் ஓடுது, பின்னாடியே நானும் ஓடறேன். அவசரமே படாத ஒண்ண கிட்டக்கப் போயி பாக்கணும்ங்க. அவ்ளோதான்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டாள்: "தண்ணி வெதுவெதுப்பா இருக்கிற கடலாப் பாருங்க. இல்லாங்காட்டி நீங்க எறங்க மாட்டீங்க."

கவனியுங்கள். கேட்டது அவள். அதிலும் என் வசதியைத்தான் நினைத்துப் பார்த்தாள். இப்போது யோசித்தால் எனக்கே என்னை இரண்டு அறை விடலாம் போலிருக்கிறது.

வேறு யாராக இருந்தாலும் நாலு பேரிடம் கேட்டு, டிக்கெட்டைப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். நானோ மறுநாள் ஆபீசில் கம்ப்யூட்டரைத் திறந்து, புது சப்ளையரை மதிப்பிடுகிற எங்கள் கம்பெனிப் படிவத்தை எடுத்தேன். வேறு விதமாக யோசிக்க என் கைக்கு வரவில்லை. தரம், விலை, டெலிவரி, ரிஸ்க் என்று வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். எல்லாக் கட்டத்துக்கும் மார்க் போட்டால் கீழே கூட்டுத்தொகை வரும். நல்ல மார்க் என்றால் அந்தக் கட்டம் தானாகவே பச்சையாகிவிடும். கடைசியில் 'நம் பக்கத் தயார்நிலை' என்று ஒரு வரிசை உண்டு. அதாவது, அந்தப் பொருள் வந்து இறங்கினால் அதைப் பயன்படுத்த நாம் தயாரா என்ற கேள்வி. அதில் 'பொருந்தாது' என்று போட்டுவிட்டுப் போவது எங்கள் டிபார்ட்மெண்டின் பரம்பரை வழக்கம். நானும் போட்டேன்.

மொத்த மார்க்கில் நாற்பதைத் தண்ணீரின் சூட்டுக்கே ஒதுக்கினேன். மீனுக்குப் பத்து. (உயிரோடு திரும்புவதற்கும் பத்துதான்.)

மாலத்தீவு தரத்தில் பிரமாதம். கண்ணாடி மாதிரி தண்ணீர், அதுவும் வெதுவெது. விலையைக் கேட்டதும் என் கீஸரே போதும் என்று தோன்றியது. எகிப்துப் பக்கம் செங்கடல் என்று ஒன்று இருக்கிறது. அதைப்போல் தெளிவான கடல் கிடையாது என்றார்கள், ஆனால் டிசம்பரில் தண்ணீர் குளிருமாம். வெந்நீர் வராத லாட்ஜுக்குப் போடுகிற மார்க்கைப் போட்டு ஒதுக்கினேன். பாலித் தீவுக்கு நல்ல மார்க் வந்துகொண்டிருந்தது. அங்கே சில இடங்களில் மேலே சூடாக இருக்கும் தண்ணீர் கொஞ்சம் கீழே போனதும் திடீரென்று ஜில்லென்று ஆகிவிடும் என்று ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தேன். அன்று இரவு போர்வையை இன்னொரு மடிப்புப் போட்டுப் படுத்தேன். திரிகோணமலையில் டிசம்பரில் கடல் கொந்தளிக்கும் என்பதால் டெலிவரியில் பூஜ்யம். லட்சத்தீவுக்கு அனுமதி வாங்கவேண்டும், எனவே 'ஆவணம் நிலுவை'. பாண்டிச்சேரியிலும் கடலுக்கு அடியில் கூட்டிப்போகிறார்கள், மஞ்சுவே அதைச் சொன்னாள். மழைக்காலத்தில் அங்கே தண்ணீர் கலங்கியிருக்கும் என்று கேள்விப்பட்டேன். அதைவிட, தாம்பரத்தில் பஸ் ஏறினால் போய்விடக்கூடிய ஊருக்கு மார்க் போட எனக்கு மனசு வரவில்லை.

தாய்லாந்தில் எல்லாமே பச்சை. மஞ்சுவிடம் பெருமையாகக் காட்டினேன்.

"தாய்லாந்துன்னு சொல்லிட்டு எங்க அண்ணன் மூஞ்சில நான் எப்பிடி முழிப்பேன்? போன வருசம் அவரு கம்பெனி ஆளுங்க போய்ட்டு வந்து ஒரு மாசம் பேந்தப் பேந்த முழிச்சிகினு இருந்தானுங்க," என்றாள்.

குறிப்புப் பகுதியில் 'மச்சான்' என்று எழுதிப் பத்து மார்க் குறைத்தேன்.

மிச்சம் இருந்தது அந்தமான். ஒவ்வொரு ஊரிலும் ஒரு டைவிங் கடைக்காரரைப் பிடித்து விசாரிப்பது என் முறை. அந்தமானில் கிடைத்தவர் நீலத்திருக்கை டைவர்ஸ் செல்வம். அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர், தங்கமான மனிதர். பாவம், அவரைத்தான் நான் படாத பாடு படுத்தினேன். தினமும் மதியம் சாப்பாட்டு நேரத்தில் போன் போட்டு இன்றைக்குத் தண்ணீர் எவ்வளவு சூடு என்று கேட்பேன். ஒரு நாள் சப்ளையர் எவனிடமாவது கேட்கிற அதே தோரணையில், ஆமை வரும் என்பதற்கு உத்தரவாதம் தரமுடியுமா என்று கேட்டேன்.

"சார், ஆமைக்கு நான் சம்பளம் குடுக்கலையே," என்றார் அவர் பொறுமையாக.

டெலிவரியில் இரண்டு மார்க் குறைத்தேன். அப்படியும் அந்தமான் பச்சையில்தான் நின்றது.

இதற்குள் நவம்பர் வந்துவிட்டது. மஞ்சு நல்ல மனநிலையில் இருந்தால் என்னை 'நீங்க' என்பாள். கோபம் வந்தால் 'நீ' ஆகிவிடும். அதையும் தாண்டிய கோபம் வந்தால் மறுபடி 'நீங்க' ஆகும், அப்போதுதான் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். நவம்பரில் நாங்கள் 'நீ'யில் இருந்தோம்.

"இன்னும் இன்னா பண்ணிகினு கீற? டிக்கெட்ட போடேன்."

"இன்னும் ஒரே ஒரு ஒப்பீடு மஞ்சு. நவம்பர் சூட்டையும் டிசம்பர் சூட்டையும்..."

"தோ பாரு, கடல் இன்னா ஒனக்கு இன்டர்வியூக்கா வந்துகீது?"

அம்மா எங்களோடுதான் இருக்கிறாள். ஒரகடத்தில் இன்னொரு கம்பெனியின் கேன்டீனில் இட்லிப் பிரிவு அவள் ராஜ்ஜியம். அவள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "வுடு மஞ்சு, பொண்ணு பாக்க வந்தப்பவும் அவன் இப்பிடித்தான். ஒன் வூட்டு பஜ்ஜி சூடா கீதான்னு தொட்டுப் பாத்துட்டுத்தான் ஒன்னயே பாத்தான்," என்றாள். (உண்மை. பஜ்ஜி ஆறியிருந்தது. அதையும் மீறிச் சம்மதித்தேன்.)

நான் செய்துவைத்திருந்த முட்டாள்தனத்தின் முழு அளவு அப்போது எனக்கே தெரியாது. எங்கள் படிவத்தை எங்கிருந்து திறந்தாலும் அது ஆபீஸின் பொதுவான இடத்தில், 'புது சப்ளையர்கள்' என்ற பகுதியில்தான் போய் உட்காரும். அதில் என் அந்தமானும் ரப்பர் வளையங்களுக்கு நடுவே பச்சை நிறத்தில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

டிசம்பர் நடுவில் எங்களிடம் பொருள் வாங்குகிற கார் கம்பெனியிலிருந்து ஆடிட் வருகிறது என்று அறிவித்தார்கள். அதற்குள் புது சப்ளையர் வேலைகளையெல்லாம் முடித்துவைக்க உத்தரவு. பர்சேஸ் பிரிவில் பெனிட்டா என்று ஒரு பெண். மகா சுறுசுறுப்பு. பச்சையாக இருக்கிற ஒவ்வொரு கோப்பையும் எடுத்தாள், அதிலிருந்த மெயில் முகவரிக்கு எங்கள் கேள்விப் பட்டியலை அனுப்பினாள், பதில் வந்ததும் சப்ளையர் நம்பர் கொடுத்தாள், அடுத்த பச்சைக்குப் போனாள். எங்கள் ஊரில் பச்சையாக இருப்பதை யாரும் படித்துப் பார்க்க மாட்டார்கள். சிவப்பைத்தான் படிப்பார்கள். நானும் அப்படித்தான் வேலை செய்துகொண்டிருந்தேன், அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

செல்வமும் ஒரு பெரிய கம்பெனியே மொத்தமாகக் குளிக்க வரப்போகிறது என்று நினைத்துக்கொண்டு எல்லாக் கேள்விக்கும் சிரத்தையாகப் பதில் எழுதி அனுப்பியிருந்தார்.

ஆடிட் வந்தது. வந்தவர் கோயம்புத்தூர்க்கார அம்மா. குரல் உயராது, முகம் மாறாது, எல்லாவற்றுக்கும் ஒரு 'ங்க' போடுவார். அதற்கே எங்கள் மேனேஜர் சேது சாருக்கு வியர்த்துக்கொண்டிருந்தது. சேது சார் திருநெல்வேலிக்காரர், வேர்க்கிற மனிதரே கிடையாது. மீட்டிங் ஹாலில் பெரிய திரை, ஒரு தட்டில் முந்திரி, நாங்கள் ஏழெட்டுப் பேர். அந்த அம்மா சப்ளையர் பட்டியலில் கண்ணை மூடிக்கொண்டு விரலை வைக்காத குறையாக ஒரு பெயரைத் தொட்டார்.

"இந்த நீலத்திருக்கை டைவர்ஸ், இவங்க நமக்கு என்ன பார்ட்டுங்க தர்றாங்க?"

சேது சார் என்னைப் பார்த்தார். நான் பெனிட்டாவைப் பார்த்தேன். பெனிட்டா பச்சையைத்தான் பார்த்திருந்தாள், எனவே கோப்பைத் திறந்து திரையில் போட்டாள்.

ஆளுயரத்துக்கு வந்து நின்றது. தரம்: ஆமை உண்டு. ரிஸ்க்: சுறா உண்டு, ஆனால் சாது என்கிறார்கள் (யார் சொன்னது?). குறிப்பு: மஞ்சு 'நீ' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள், சீக்கிரம் முடிக்கவேண்டும். இன்னொரு குறிப்பு: அந்த ரப்பர் உடுப்பில் தொப்பை தெரியுமா?

அதற்குக் கீழே செல்வத்தின் பதில்கள். 'உங்கள் குறைபாட்டு விகிதம் என்ன?' என்ற கேள்விக்கு, 'போன சீசனில் ஒருத்தர் வாந்தி எடுத்தார். மற்றபடி எல்லாரும் நல்லபடியாக மேலே வந்துவிட்டார்கள்' என்று எழுதியிருந்தார். 'அவசரகாலத் திட்டம் என்ன?' என்பதற்கு, 'மேலே வந்துவிடுவோம்.' 'உங்கள் முக்கிய வாடிக்கையாளர்கள் யார்?' என்பதற்கு, 'புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள்.'

"என்னடே இது?" என்றார் சேது சார், என் பக்கம் திரும்பாமலே.

அந்த அம்மா சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரித்திருந்தால் நானும் சிரித்துச் சமாளித்திருப்பேன். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எல்லா வரியையும் நிதானமாகப் படித்தார். பிறகு, "சப்ளையர்கிட்ட ஒரு வார்த்தை பேசிக்கலாங்களா?" என்றார். ஆடிட்டில் இது வழக்கம்தான். பெனிட்டா ஸ்பீக்கரில் போட்டுக் கம்பெனி பெயரைச் சொன்னாள்.

"தாமு சாரா?" என்றது செல்வத்தின் குரல், ஹால் முழுவதும். "நேத்து இருந்த அதே சூடுதான் சார் இன்னைக்கும்."

யாரோ முந்திரித் தட்டைத் தட்டிவிட்டார்கள்.

"சார், ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்காதீங்க," என்று அவர் தொடர்ந்தார். "நீங்க நேர்ல வர்ற ஐடியா இருக்கா, இல்ல போன்லயே குளிச்சிக்கிறீங்களா?"

பெனிட்டா மேஜைக்குக் கீழே எதையோ தேடுகிற பாவனையில் குனிந்தாள், வெகு நேரம் எழுந்திருக்கவில்லை. அந்த அம்மா போனுக்கு நன்றி சொல்லி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"உங்களுக்கு நீச்சல் தெரியுங்களா?"

"தெரியாதுங்க மேடம்."

"அப்புறம் எப்படிங்க 'நம் பக்கத் தயார்நிலை'யில பொருந்தாதுன்னு போட்டிருக்கீங்க? இதுக்குத்தானுங்களே ரொம்பப் பொருந்தும்."

இங்கே நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். மன்னித்துவிடுங்கள் மேடம், சொந்த விஷயம், தெரியாமல் இங்கே சேமித்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் என் மானத்தோடு முடிந்திருக்கும். ஆனால் எனக்கு அந்த நேரத்தில் நியாயம் பேசத் தோன்றியது.

"எல்லா ஃபைல்லயும் அப்படித்தான் மேடம் போடுவோம்."

"எல்லாத்துலயுமுங்களா?" என்றார் அந்த அம்மா, மிகவும் மென்மையாக. "அப்ப மத்ததையும் ஒரு பார்வை பாத்துக்கலாங்க."

பார்த்தார். ஸ்பிரிங், பொருந்தாது. ரப்பர் வளையம், பொருந்தாது. போல்ட், பொருந்தாது. வருடக்கணக்காக எங்கள் டிபார்ட்மெண்ட் கட்டிக்காத்த பரம்பரை ரகசியம் அரை மணி நேரத்தில் சந்திக்கு வந்தது. அத்தனை சப்ளையர் கோப்புகளையும் முதலிலிருந்து பார்த்து, அந்த வரிசையை உண்மையாக நிரப்பி, புது வருடம் பிறப்பதற்குள் அனுப்பவேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினார். போகும்போது என்னிடம் மட்டும், "செங்கடலுக்கு மார்க்க ரொம்பக் கொறச்சுட்டீங்க, நான் போயிருக்கேன், அருமையா இருக்குமுங்க," என்றார்.

சேது சார் கதவைச் சாத்தினார்.

"சார், ஷட்டவுன் லீவு..." என்று ஆரம்பித்தேன்.

"லீவா? நீ கடலுக்குள்ள போறதுக்கு முந்தி எங்க எல்லாரையும் உள்ள தள்ளிட்டியேடே. ஃபைல முடிச்சுட்டு எங்கன வேணாலும் போ."

அன்று படப்பையில் இறங்கி வீட்டுக்கு நடந்தே போனேன். ஆட்டோ சீக்கிரம் கொண்டுபோய் விட்டுவிடுமே என்ற பயம். மஞ்சு வாசலிலேயே சிரித்த முகமாக இருந்தாள், அன்றைக்குத்தான் அவளுக்கு லீவு உறுதியாகியிருந்தது. நான் சொன்னேன். எதையும் விடாமல், செல்வம் போனில் கேட்டதுவரை சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்துத்தான் அதைச் சொன்னேன்.

அவள் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. "சரிங்க. நீங்க சாப்பிடுங்க," என்றாள். மறுபடி 'நீங்க'. அவள் கேட்டது ஒரே ஒரு ஆமை. அவளோடு நான் கேட்காமலே எனக்குக் கிடைத்திருந்தது ஒரு முழு வாரம். இரண்டையும் நான் கட்டம் கட்டித் தொலைத்திருந்தேன். அழுகை வந்தது என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

மஞ்சு ஒரு டீ போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். பாதி குடித்திருப்பாள். சமையலறைப் பக்கம் திரும்பினாள்.

"அத்த, ஒங்க ஆதார் எங்க கீது?"

"பீரோல கீது. எதுக்கு?"

"ஒங்க கேன்டீனும் அந்த வாரம் மூடறாங்க இல்ல? அந்தமான் போலாம், வரீங்களா?"

"அங்க இன்னா கோயில் கீது?"

"கோயில் இல்ல அத்த. கடலுக்கு அடியில எறங்கி ஆமை பாக்கப் போறோம். நீச்சல்லாம் தெரிய வேணாமாம், கூடவே ஆளு கையப் புடிச்சிகினு வருவாங்களாம்."

அம்மாவுக்கு அப்போது ஐம்பதுகூட ஆகவில்லை (எங்கள் பக்கம் அந்தக் காலத்தில் கல்யாணம் சீக்கிரம்). கரண்டியும் கையுமாக ஹாலுக்கு வந்தாள்.

"தண்ணி ஜில்லுன்னு இருக்குமா?"

"இருக்காது. ஒங்க புள்ள ரெண்டு மாசமா வெசாரிச்சி வச்சிகீறாரு."

"அப்ப போட்டுடு டிக்கெட்ட."

அந்தமானுக்கு ஆதார் போதும். மாலத்தீவு, பாலி, செங்கடல் எல்லாவற்றுக்கும் பாஸ்போர்ட் வேண்டும், எங்கள் வீட்டில் என்னைத் தவிர யாரிடமும் பாஸ்போர்ட் கிடையாது. மஞ்சுவிடம்கூடக் கிடையாது. இரண்டு மாதம் ஓடிய என் மதிப்பீட்டில் அதற்கு ஒரு கட்டமே இல்லை. டீ ஆறுவதற்குள் மஞ்சு டிக்கெட் போட்டு முடித்துவிட்டாள்.

ஷட்டவுன் வாரத்தில் தொழிற்சாலைக்குள் போனவர்களுக்குத்தான் அந்த அமைதி எப்படி இருக்கும் என்று தெரியும். லைன் நின்றுபோய், விளக்குகள் பாதி அணைந்து, மெஷின்கள் திறந்துகிடக்கும். நானும் பெனிட்டாவும் கோப்புக் கோப்பாகத் திறந்து, இந்த ஸ்பிரிங் வந்தால் நாம் தயாரா, இந்த வளையம் வந்தால் நாம் தயாரா என்று எழுதிக்கொண்டிருந்தோம். கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாளே அவளையும் வரச்சொல்லிவிட்டார்கள். வீட்டில் செய்த கேக்கை ஒரு டப்பாவில் கொண்டுவந்து என் முன்னால் டக்கென்று வைத்தாள்.

"துன்னு. ஒன்னால எங்க வூட்ல எல்லாரும் எம்மேல காண்டா கீறாங்க."

"நீ பேரைப் படிச்சிப் பார்த்திருக்கலாம் பெனிட்டா."

"நீ நீச்சல் கத்துகினு இருந்திருக்கலாம்," என்றாள். அதற்குமேல் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. கேக் நன்றாக இருந்தது.

மூன்றாவது நாள் மஞ்சு போன் செய்தாள். அங்கே சிக்னல் விட்டு விட்டு வந்தது. முதலில் அம்மாதான் பேசினாள்.

"டேய் தாமு, கீழ போனா பேசவே கூடாதுன்ட்டாங்கடா. பொறந்ததுலேந்து இம்மா நேரம் நான் வாய மூடிகினு இருந்ததே இல்ல. மீனு கூட்டம் கூட்டமா போவுது. நம்ம படப்பை மார்க்கெட்ல அதுல ஒண்ண வச்சா போதும், கூட்டம் அள்ளும். ஒண்ணயும் தொடக்கூடாதாம். இன்னா ஊருடா இது."

"தண்ணி எப்படி இருந்துச்சிம்மா?"

"நீ சொன்னா மாதிரிதான். பச்சப் புள்ளைக்குக் காச்சுவோம் பாரு, அந்தப் பதம்."

அவ்வளவு வேதனையிலும் நாற்பது மார்க் சரியாகப் போட்டிருக்கிறேன் என்று ஒரு கணம் பெருமையாக இருந்தது. மனிதன் திருந்தவே மாட்டான்.

பிறகு மஞ்சு வாங்கினாள்.

"ஆமை வந்ததா?" என்று கேட்டேன்.

"வந்திச்சிங்க." சிக்னல் போய்விட்டதோ என்று நினைத்தேன். "என்ன ஒரு தரம் பாத்திச்சி. அப்புறம் அது பாட்டுக்குப் போய்கினே இருந்திச்சி. நான் சும்மா பாத்துகினே இருந்தேன். எவ்ளோ நேரம்னு தெரில." பிறகு சொன்னாள்: "நீ வந்திருக்கலாம்."

'நீ' என்றாள். ஷட்டவுனில் நின்றுபோயிருந்த லைனுக்குப் பக்கத்தில், கையில் கேக்கோடு, நான் அவ்வளவு நிம்மதியாக மூச்சுவிட்டேன்.

எங்கள் தரக் கட்டுப்பாட்டு முறையில் ஒரு முறை உள்ளே வந்த கோப்பை அழிக்க முடியாது. ஸ்பிரிங்குகளோடு சேர்ந்து அந்தமானும் இன்றுவரை அங்கேயே இருக்கிறது. எனவே அதன் கடைசி வரிசையையும் நான் நிரப்பியாகவேண்டும் என்று சேது சார் சொல்லிவிட்டார். 'நம் பக்கத் தயார்நிலை: இல்லை. பயிற்சி தேவை' என்று எழுதினேன். அப்படி எழுதினால் பயிற்சி எடுத்ததற்கு ஆதாரம் இணைக்கவேண்டும் என்பது விதி. அந்த அம்மா அடுத்த ஆடிட்டுக்கு வந்தால் வேறெதையும் கேட்காமல் அதைத்தான் கேட்பார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அதனால் வண்டலூர் ரோட்டில் ஒரு நீச்சல் குளத்தில், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு, தை மாதக் காலை நேரத்தில், பச்சைத் தண்ணீரில் இறங்கினேன். முதல் நாள் நான் போட்ட சத்தத்தில் ஒரு குழந்தை பயந்து அழுதுவிட்டது. அதன் அம்மா என்னை வேறு மூலைக்கு மாற்றச் சொன்னாள். எப்படியோ கற்றுக்கொண்டேன். சான்றிதழ் வாங்கி இணைத்தேன். அடுத்த ஆடிட்டுக்கு அந்தக் கோயம்புத்தூர் அம்மா வந்தார், பார்த்தார், 'நிறைவேறியது' என்று எழுதினார். எங்கள் கம்பெனியில் காலாகாலத்தில் முடிந்த ஒரே நடவடிக்கை அதுதான் என்று சேது சார் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அதற்குப் பிறகு எங்கள் இருவரின் ஷட்டவுனும் ஒரே வாரத்தில் வரவே இல்லை. ஒவ்வொரு வருடமும் இரண்டு நோட்டீஸையும் மஞ்சு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாள். பிறகு மடித்து வைத்துவிடுவாள். நான் கத்திரிக்காய் வாங்கப் போனால், "மார்க் போடாம வாங்கியா," என்று குரல் மட்டும் பின்னால் வரும்.

அந்தப் போட்டோ ஹாலில் டிவிக்கு மேலே இருக்கிறது. நீலத் தண்ணீருக்குள் கறுப்பு ரப்பர் உடுப்பில் இரண்டு பேர், வாயில் குழாய், கண்ணில் கண்ணாடி, இருவரும் விரலை வட்டமாக வைத்துக் காட்டுகிறார்கள். ஒருத்தி மஞ்சு. கைவளையலை வைத்து இன்னொருத்தி அம்மா என்று கண்டுபிடித்துவிடலாம். வீட்டுக்கு யார் புதிதாக வந்தாலும் அதைப் பார்த்துவிட்டு, "சார் இதுல எங்க?" என்று கேட்பார்கள்.

"அவரு வர்ல," என்பாள் மஞ்சு. "ஆனா எங்க வூட்லயே நீச்சல் தெரிஞ்ச ஒரே ஆளு அவருதான்."

அம்மா விடமாட்டாள். உள்ளேயிருந்து காபியை ஆற்றிக்கொண்டே வருவாள்.

"தண்ணி சூடா கீதான்னு கேட்டுகினு இருந்தான்பா. அதுக்குள்ள லீவு ஆறிப்பூட்ச்சி."